திருடிய குச்சிதான் துளிர்க்கும்

எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா தம் வாழ்நாளில் யாரிடமும் ஒரு செடி கேட்டு வாங்கியதில்லை. கடையிலும் வாங்கியதில்லை. ஆனாலும் அவர் வீட்டு வாசலில் முப்பத்தொரு செடிகள் இருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஜெலாப்பாங் பக்கம் ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடு கிடைத்து நாங்கள் குடியேறினோம். புது வீட்டில் எனக்கு ஆயிரம் கவலை. சாக்கடையில் கொசு, கூரையில் ஒழுக்கு, பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவே இடுப்பளவு கம்பிவேலி. முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வேலியோரம் நின்று நான் அக்காவின் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் குந்தி உட்கார்ந்து கனகாம்பரத்தில் பூத்து முடிந்த கதிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன கிராணியாரே, பெரட்டா?" என்றார்.

பெரட்டு என்பது ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குப் பேனா பிடித்தவன் எவனும் கிராணிதான்.

"இல்லக்கா, சும்மா பாக்கிறேன். நல்லா வச்சிருக்கீங்க. எங்க வாங்கினது?"

"வாங்கறதா?" அவருக்கு அந்தச் சொல்லே கசந்தது. "அந்தச் செம்பருத்தி பத்து காஜா ஆஸ்பத்திரி. எங்க வீட்டுக்காரருக்கு ஆப்பரேசன் பண்ணப்ப எடுத்தது. இந்த நந்தியாவட்டை கோயில். அதோ, அந்த இட்லிப்பூ போலீஸ் ஸ்டேசன்."

"போலீஸ் ஸ்டேசன்லயா?"

"சைக்கிள் காணாம போச்சுன்னு எழுதிக்கொடுக்கப் போனோம். சைக்கிள் கெடைக்கல. வெறுங்கையோடயா வர முடியும் லா?"

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பேரன் ஒருவன் இப்போது அதே போலீசில் வேலை பார்க்கிறான்.

அக்காவின் கொள்கை இதுதான். கொடுத்த செடி பிடிக்காது, திருடிய செடிதான் பிடிக்கும். நம் ஆட்களில் பலர் கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி வாயளவில் சொல்லும் பேச்சுதான் இது. மற்றவர்கள் சொல்லிச் சிரித்துவிட்டு, கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அக்கா அதைச் சட்டமாக வைத்து வாழ்ந்தார். சட்டத்துக்கு உட்பிரிவுகளும் இருந்தன. ஒரு வீட்டில் ஒரு குச்சிக்கு மேல் எடுக்கக்கூடாது. ஒற்றைக் குச்சியாக நிற்கும் செடியைத் தொடக்கூடாது. துக்க வீட்டில் கை வைக்கக்கூடாது. எடுத்தபின் 'நல்லா இரு' என்று தாய்ச்செடியிடம் சொல்லலாம், 'நன்றி' மட்டும் சொல்லக்கூடாது. நன்றி சொன்னால் அது வாங்கியதாகிவிடும்.

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாளுக்கு, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவருக்கு, இதெல்லாம் தெரியாது. ஒரு பெருநாளில் பலகாரத் தட்டோடு ஒரு ரோஜாத் தொட்டியையும் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா பலகாரத்தை உள்ளே எடுத்துப் போனார். தொட்டியை மாக்சிக் வீட்டு மதில்மேல் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார். மாக்சிக் தாம்தான் கொடுக்க மறந்துவிட்டோமாக்கும் என்று மறுபடி எடுத்து வந்து கொடுத்தார். அக்கா மறுபடி கொண்டுபோய் வைத்தார். மூன்றாம் முறை மாக்சிக் வரவில்லை, முகம் மட்டும் சுருங்கிவிட்டது. அன்று மாலை மாக்சிக் குளிக்கப் போன சமயம் பார்த்து அக்கா அந்த ரோஜாவில் ஒரு குச்சியை ஒடித்து வந்து நட்டார். அது கொழுகொழுவென்று வளர்ந்து பூத்தபோது முதல் பூவை மாக்சிக்குக்கே கொடுத்தார். பூ கொடுக்கலாம், வாங்கலாம். சட்டம் செடிக்குத்தான்.

இதில் பெரிய கூத்து, அக்காவின் கணவர் ஜெலாப்பாங்கில் ஒரு கிலாங்குக்கு ஜாகா, அதாவது தொழிற்சாலைக் காவல்காரர்.

"நான் ராவெல்லாம் திருடன் வருவான்னு முழிச்சிக் கெடக்கேன் கிராணியாரே," என்பார், வேலியோரம் பல்லைக் குச்சியால் குத்திக்கொண்டு. "திருடி வீட்டுல சோறாக்கிக்கிட்டு இருக்கா."

"உங்க கிலாங்ல பின்பக்கம் ஒரு அரளி நிக்குதாமே?" என்பார் அக்கா உள்ளேயிருந்து.

"அத மட்டும் தொட்டே, நானே உன்னப் பிடிச்சுக் கொடுப்பேன்."

"பிடிச்சுக் கொடுங்க. நீங்க பிடிச்ச மொத ஆளு நானா இருக்கட்டும்."

முப்பத்தொரு செடிகளிலும் அக்காவுக்கு உயிர் கனகாம்பரத்தின்மேல்தான். ஆரஞ்சு நிறம், அகலமான இதழ், இடுப்புயரப் புதர். வருடம் முழுக்க இலை உதிராது, பூவும் ஓயாது. ஒரு காலை அதில் ஐம்பத்தெட்டுக் கதிர்களை எண்ணினேன். எங்கள் வீட்டு நிழல் மதியத்துக்குமேல் விழும் இடம் பார்த்து அதை நட்டிருந்தார். காலை வெயில் போதும், மத்தியான வெயில் பட்டால் இலை சுருண்டுவிடும் என்பார். தேயிலைச் சக்கை, மீன் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதன் தூருக்குத்தான் போகும். மீன் தண்ணீர் ஊற்றும் நாளில் காற்று எங்கள் பக்கம் வீசும். நான் சன்னலைச் சாத்துவேன்.

அந்தச் செடி வந்த கதையை அவர் கணவர்தான் சொன்னார். தோட்டத்தில் அக்கா புல்வெட்டும் கூட்டத்தில் வேலை செய்தபோது, துரை பங்களாவின் வேலியில் கைவிட்டு எடுத்ததாம். லயத்து வீட்டு வாசலில் நட்டு, பதினோரு வருடம் பூவெடுத்திருக்கிறார். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். இவர்கள் ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டி வந்தது. லாரி நிற்கிறது. சட்டி பானை, கட்டில், கோழிக்கூடு எல்லாம் ஏற்றியாயிற்று. கனகாம்பரத்தை மட்டும் அக்கா தொடவில்லை. வீட்டுச் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தபிறகு, அக்கம்பக்கம் பார்த்து, ஒரு குச்சியைச் சட்டென்று ஒடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாராம்.

"ஏன்டி, நேத்தே வேரோட பேத்து எடுத்திருக்கலாம்லன்னு கேட்டேன்," என்றார் அவர். "என்னா சொன்னா தெரியுமா? நேத்து அது நம்ம செடி. நம்ம செடிய நாமளே எப்படித் திருடறதுங்கறா. சாவி கொடுத்தப்புறம் அது கம்பெனி செடியாம்."

கொள்கையில் அக்கா நேர்மையானவர். தாம் எடுப்பதுபோல மற்றவர்களும் எடுக்கட்டும் என்பார். தெருவில் யாராவது கனகாம்பரத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றால், "சரி, நான் போய்ப் பாத்திரம் விளக்கணும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். உள்ளே சட்டி பானைகள் டங்கு டங்கென்று உருளும். சத்தம் கேட்கும்வரை அவர் வரமாட்டார் என்று பொருள். என் மனைவிக்காகவும் ஒரு மாலை பாத்திரங்கள் உருண்டன. அவளும் கை நீட்டப் போனாள். நான்தான் தடுத்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் திருட்டுச் செடி நின்றால் நாளை யாராவது மொட்டைக் கடிதம் போடுவார்கள், பென்சன் என்ன ஆவது? அதனால் தெரு முழுக்கக் கனகாம்பரம் இருந்தும் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலே பல வருடங்கள் இருந்தாள்.

அக்காவின் மகள் துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். இரண்டு வரன்கள் வந்து தட்டிப் போயிருந்தன. மூன்றாவதாகத் தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு பையன். பையன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், அவன் தகப்பனார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. காப்பி கொண்டுவந்து வைத்தவள் காலித் தட்டை எடுத்துப் போக மறந்து அங்கேயே நின்றாள். எல்லாம் கூடிவந்தது. புறப்படும் நேரத்தில் பையனின் தாயார் வாசலில் நின்றார். நெடிய உருவம், கஞ்சிபோட்ட சேலை, தங்க விளிம்புக் கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் அவர் கணவர் மணி அடித்தாலும் வீட்டில் மணி அடித்தது இவர்தான் என்று பார்த்த உடனே தெரியும்.

"கனகாம்பரம் ரொம்ப அழகா இருக்கே. எங்க பக்கம் இந்த நிறம் கிடைக்கல. ஒரு கன்று கொடுங்களேன்."

அக்காவின் முகம் வெளுத்தது. "நான்... உள்ள போய்ப் பாத்திரம் விளக்கறேன்மா."

"இப்பவா?"

"ஆமாம்மா. நீங்க பாத்து எடுத்துக்குங்க."

"நானா எடுக்கிறதா? உங்க கையால கொடுங்க."

"கையால கொடுத்தா பிடிக்காதும்மா." அக்கா கெஞ்சினார். "திருடிக்குங்க."

அவர்கள் வந்த காடியின் கதவைத் திறந்து பிடித்திருந்த தலைமையாசிரியர் அப்படியே நின்றார்.

"எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்லீங்க," என்றார் அந்த அம்மாள். காடி போய்விட்டது.

நாலு நாளில் தரகர் வந்தார். "அந்தம்மா கேக்கறாங்க. ஒரு செடி கொடுக்க மனசில்லாதவங்க பொண்ண மட்டும் எப்படிக் கொடுப்பாங்க? அதையும் ராவோட ராவா வந்து தூக்கிட்டுப் போகணுமான்னு."

ஜாகா அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மகள் அழவில்லை. கனகாம்பரத்தைப் பார்த்தாள், பாராங் கத்தி மாட்டியிருந்த சுவரைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அக்கா அன்று முழுக்கச் செடிப் பக்கம் போகவில்லை. மறுநாள் வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"கொடுத்துர்றேன் கிராணியாரே. நீங்க கூட வாங்க. படிச்ச வீடு, எனக்கு வாய் கொளறும்."

பால்மாவு டின் ஒன்றில் வேர்விட்ட கன்றோடு பஸ் ஏறினோம். வழியெல்லாம் டின் என் மடியில். அவர் அதைப் பார்க்கவே மறுத்தார். தஞ்சோங் மாலிம் வீட்டு வாசலில் நான் டின்னை அவர் கையில் வைத்தேன். ஊசி போடக் குழந்தையைக் கொடுப்பவர்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினார்.

"இந்தாங்கம்மா. கொடுக்கறேன்."

அந்த அம்மாள் உருகிப்போனார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பசியாறச் சொல்லி இடியாப்பம் வைத்தார். கல்யாணத்துக்கு மாதம் குறித்தார்கள். எல்லாம் சுபமாக முடியும் நேரத்தில், கன்றை வாசலில் வைத்து, வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த அம்மாள் சொன்னார்: "இது தழைக்கிற மாதிரி இந்தக் கல்யாணமும் தழைக்கணும்."

அக்கா கையிலிருந்த இடியாப்பம் தட்டில் விழுந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது, "வாயை வச்சிருச்சே அந்தம்மா," என்று ஒரே புலம்பல். "செடி செத்தா எம் பொண்ணு ராசியில்லாதவன்னு ஆயிருமே. கொடுத்த செடி. எப்படிப் பிழைக்கும்?"

"பிழைக்கும்கா. அறிவியல்படி பாத்தா..."

"அறிவியலுக்கு என்னா தெரியும் லா?"

அதன்பின் தஞ்சோங் மாலிம் பக்கமிருந்து யார் வந்தாலும் அக்கா முதலில் கேட்பது மாப்பிள்ளையை அல்ல, செடியைத்தான். "இலை பச்சையா இருக்கா, மஞ்சளா? நுனி நிமிந்திருக்கா?" தரகர் ஒருமுறை, "நான் வரன் பாக்கிற ஆளுமா, வெவசாய ஆபீசர் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை நடுப்பகல். அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். மை திட்டுத்திட்டாக இறங்கி எரிச்சலூட்டியது. அண்ணன் இரவு வேலை முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், மகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா சன்னலோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் முழங்கையைப் பிடித்தார். உறையில் ஈப்போ என்ற சொல் கோணிப்போயிற்று.

"ஷ். பாருங்க."

சன்னல் கண்ணாடிச் சட்டங்களின் இடைவெளியில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கஞ்சிபோட்ட சேலை. தங்க விளிம்புக் கண்ணாடி.

சம்பந்தியம்மாள் தனியாக வந்திருந்தார். வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல யாருங்க?" என்று கூப்பிட்டார். எறும்புக்குக்கூடக் கேட்காத குரலில் கூப்பிட்டார். யாரும் வரவில்லை என்று உறுதியானதும் கதவை ஓசைப்படாமல் திறந்து, நேராகக் கனகாம்பரத்தருகில் போய்க் குடையைச் சாய்த்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"செத்திருச்சு!" என்று அக்கா கிசுகிசுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றியை நான் கண்டதில்லை. "சொன்னேன்ல? கொடுத்தா பிடிக்காதுன்னு சொன்னேன்ல?" அடுத்த கணமே அந்த முகம் கலங்கியது. "ஐயோ, செத்திருச்சே."

"இல்லக்கா, பாருங்க, அவங்க யாருக்கும் தெரியாம வேற குச்சி வைக்கத்தான்..."

"மூச்சு விடாதீங்க."

சம்பந்தியம்மாள் புதரின் அடியில் கைவிட்டு ஒரு தடித்த குச்சியைப் பிடித்து வளைத்தார். அக்காவின் நகம் என் கையில் இறங்கியது.

"ஐயோ, அது முத்தல். பூத்த குச்சி. அது வேர் விடாது. இதுவும் போச்சுன்னா இனிமே அந்தம்மா வருமா?"

"போய்ச் சொல்லுங்களேன்."

"சொன்னா அது கொடுத்ததாயிருமே! கிராணியாரே, நீங்க பின்கதவு வழியாப் போய் உங்க வீட்டுப் பக்கம் நின்னு, உங்க வீட்டம்மாகிட்ட சொல்ற மாதிரிச் சொல்லுங்க."

"நானா? என்னன்னு?"

சொல்ல வேண்டியதை எல்லாம் காதில் ஓதி என்னைப் பின்கதவுக்கு வெளியே தள்ளிவிட்டார். நான் சுற்றிக்கொண்டு போய் எங்கள் வேலியோரம் ரப்பர் குழாயைக் கையில் பிடித்தபடி, கனகாம்பரத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். குழாயில் தண்ணீர் இல்லை. குற்றத்துக்கு உடந்தை என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது நினைவுக்கு வந்தது.

"இந்தா, கேக்குதா?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினேன். "கனகாம்பரக் குச்சி எடுக்கணும்னா முத்தல எடுக்கக் கூடாது! இளசா, பூ இல்லாத குச்சியாப் பாத்து எடுக்கணும்!"

"நம்ம வீட்லதான் கனகாம்பரமே இல்லையே!" என்று மனைவி உள்ளேயிருந்து பதில் கொடுத்தாள். பல வருடங்களாக வைத்திருந்த பதில்.

"இருக்கட்டும், கேட்டுக்க! நாலு கணு இருக்கணும்! கணுவுக்குக் கீழ ஒடிக்கணும்!"

"வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க!"

என் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். ஒன்று. நான் தொடர்ந்தேன். "அடி இலைய உருவிடணும்! ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும், ரெண்டு மூணா வைக்கணும்!" ஒரு வீட்டில் ஒரு குச்சிக்கு மேல் ஆகாது என்ற உட்பிரிவை அக்காவே அன்று தளர்த்தியிருந்தார். 'டக்', 'டக்'. மூன்று.

பிறகு குடைக்குப் பின்னாலிருந்து மிகத் தணிந்த, ஆனால் திருத்தமான ஒரு குரல் வந்தது.

"மண்ணுலயா, மணல்லயா?"

"மணல்ல!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினேன். "ஆத்து மணல்ல! நெழல்ல வைக்கணும்! வேர் விட்டுச்சான்னு பிடுங்கிப் பிடுங்கிப் பாக்கக் கூடாது!"

மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சம்பந்தியம்மாள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். கொளுத்தும் வெயிலில் குடையை விரிக்காமல், மடக்கிய குடையை மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்து வந்தார். குடையின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பச்சை இலை எட்டிப் பார்த்தது.

"வெயில் ஜாஸ்தி இல்லீங்க?" என்றார் என்னிடம்.

"ஆமாங்கம்மா. ஜாஸ்தி."

அவர் தெருமுனையில் திரும்பும்வரை அக்கா வெளியே வரவில்லை. பிறகு வந்து கனகாம்பரத்தின் முன் குந்தினார். இலைகளை விலக்கி, ஒடிந்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். மூன்றும் கணுவுக்குக் கீழே ஒடிந்திருந்தன. மூன்றும் இளங்குச்சிகள். உள்ளே அண்ணன் விழித்துக்கொண்டு, யார் வந்தது, என்ன கூச்சல் என்று கேட்டுக்கொண்டே வேட்டியை இறுக்கியபடி வாசலுக்கு வந்தார்.

அக்கா எழுந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல குடும்பம் லா," என்றார் அவரிடம். "பயப்படாம பொண்ணக் கொடுக்கலாம்."